‘கொடி’ என்ற சொல்லின் நீளமும் நான் படித்த பொறியியலும்

மென்பொருள் எழுதுவதையே தொழிலாகக் கொண்ட ஒருவன் மின்னணுவியலும் தகவல் தொடர்பியலும் படித்து 4 ஆண்டுகளைச் செலவிட்டது எதற்காக என்ற கேள்வியைப் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நேர்காணல்களில் கேட்டார்கள், உடன் பணிபுரிந்தவர்கள் கேட்டார்கள், அதே துறையில் படித்துக்கொண்டு நிரல் எழுத ஆசைப்படும் மாணவர்கள் இப்போது சற்றுக் கவலையோடு கேட்கிறார்கள். முன்பெல்லாம் கிடைத்த இடத்தில் சேர்ந்தேன் என்று சொல்லி நகர்ந்துவிடுவேன். இன்று அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கட்டற்ற மென்பொருள் திட்டம் ஒன்றில் தமிழ் எழுத்துகளைக் கையாளும் பகுதியைத் திருத்தப் போனபோதுதான், வகுப்பில் மதிப்பெண்ணுக்காகப் படித்த சில பாடங்கள் எதற்காக இருந்தன என்பது எனக்கு விளங்கியது. அதை முழுமையாக எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

கல்லூரியில் சேரும்வரை நான் கணினியைத் தொட்டதில்லை. முதன்முதலில் நான் எழுதிய நிரல் 8085 நுண்செயலியின் பயிற்சிப் பலகையில் எண்களாகத் தட்டியது. திரை கிடையாது, விசைப்பலகையில் ஏறத்தாழ இருபது பொத்தான்கள், மேலே சிவப்பாக ஒளிரும் சில இலக்கங்கள், அவ்வளவுதான். ஒவ்வொரு கட்டளைக்கும் உரிய எண்ணைப் புத்தகத்தில் தேடி, அதை நினைவக முகவரி ஒன்றில் இட்டு, அடுத்த முகவரிக்கு நகர வேண்டும். ஓர் எண் பிசகினால் முழுவதும் பிசகும். அப்போது அது வெறும் தண்டனையாகவே தெரிந்தது. ஆனால் நினைவகம் என்பது வரிசையாக அடுக்கிய எண்களைத் தவிர வேறொன்றும் இல்லை என்பதும், அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பது அதைப் படிப்பவரைப் பொறுத்தது என்பதும் என் விரல் நுனிகளில் பதிந்தது அந்த ஆய்வகத்தில்தான்.

இலக்க மின்சுற்று ஆய்வகத்தில் வரிசை கண்டறியும் சுற்று ஒன்றைக் கட்டச் சொன்னார்கள். 0 அல்லது 1 ஆக ஒன்றன்பின் ஒன்றாக வரும் பிட்டுகளில் 1011 என்ற வரிசை எப்போது முடிகிறதோ அப்போது ஒரு விளக்கு எரிய வேண்டும். முதலில் தாளில் 4 வட்டங்கள் வரைய வேண்டும். இதுவரை ஒன்றும் பொருந்தவில்லை, 1 வந்திருக்கிறது, 10 வந்திருக்கிறது, 101 வந்திருக்கிறது என்று ஒவ்வொரு வட்டமும் ஒரு நிலை. 0 வந்தால் எங்கே போவது, 1 வந்தால் எங்கே போவது என்று வட்டத்துக்கு வட்டம் அம்பு இட வேண்டும். 4 நிலைகளை நினைவில் வைக்க, ஒரு பிட்டை நினைவில் வைத்திருக்கும் ஃபிளிப்ஃபிளாப் என்ற சிறு சுற்றுகள் 2 போதும். நான் கட்டிய சுற்று முதலில் வேலை செய்யவில்லை. 1011011 என்று கொடுத்தால் இரண்டு முறை எரிய வேண்டிய விளக்கு ஒரே முறைதான் எரிந்தது. முதல் வரிசையின் கடைசி 1 அடுத்த வரிசையின் முதல் 1 ஆகவும் இருக்கலாம் என்பதை நான் யோசிக்காமல், கண்டறிந்தவுடன் தொடக்க நிலைக்கே அம்பைத் திருப்பிவிட்டிருந்தேன். கம்பிகளைப் பிடுங்கிப் பார்த்துப் பயனில்லை என்பது தெரிந்த பிறகு தாளுக்குத் திரும்பினேன். ஓர் அம்பை மாற்றி வரைந்ததும் எல்லாம் சரியாயிற்று.

மூன்றாம் ஆண்டில் தகவல் தொடர்புப் பாடம் வந்தது. கம்பியின் மறுமுனையில் பிட்டுகள் வந்துகொண்டே இருக்கின்றன. எது ஒரு செய்தியின் தொடக்கம், எது நடுப்பகுதி என்று பெறுபவர் எப்படி அறிவார் என்பதே அப்பாடத்தின் அடிப்படைக் கேள்வி. எச்டிஎல்சி என்ற நெறிமுறையில் 01111110 என்ற வரிசை செய்தியின் எல்லைக் கொடியாக நிற்கும். செய்திக்குள்ளேயே ஆறு 1கள் தொடர்ந்து வந்துவிட்டால் என்ன செய்வது? அனுப்புபவர் ஐந்து 1களுக்குப் பின் ஒரு 0 ஐத் தாமாகவே செருகிவிடுவார். பெறுபவர் அதை நீக்கிக்கொள்வார். ஆகவே எல்லைக் குறி செய்தியின் உள்ளே ஒருபோதும் தோன்றாது. இடையில் எங்கே காது கொடுத்தாலும், அடுத்த கொடி வந்ததும் பெறுபவர் தம்மைச் சரிசெய்துகொள்ளலாம். இந்த எண்ணத்தின் அழகு அன்றே என்னைக் கவர்ந்தது. ஆனால் தேர்வு முடிந்ததும் மறந்துபோனேன்.

கட்டற்ற மென்பொருளுக்கு நான் வந்தது கொள்கை வழியாக அல்ல. ஆய்வகத்தில் சில கணினிகளில் குனு லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளம் இருந்தது. அதில் ஒவ்வொரு சிறு கருவியின் மூல நிரலையும் தரவிறக்கிப் பார்க்கலாம் என்று மூத்த மாணவர் ஒருவர் சொன்னார். அன்றுவரை மென்பொருள் என்றால் மூடிய பெட்டி என்றே நினைத்திருந்தேன். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983 செப்டம்பரில் குனு திட்டத்தை அறிவித்ததையும், லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்டில் தம் இயங்குதள முயற்சியைப் பற்றி ஊருக்குச் சொன்னதையும் பிற்பாடு படித்தேன். கட்டற்ற மென்பொருளுக்கு 0 முதல் 3 வரை எண்ணிட்ட நான்கு உரிமைகள் சொல்லப்படுகின்றன. அவற்றில் 1 எனக் குறிக்கப்படுவது, நிரல் எப்படி இயங்குகிறது என்று படித்துப் பார்த்துத் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளும் உரிமை. மாணவனுக்கு அதைவிடப் பெரிய கொடை இல்லை என்றே இன்றும் கருதுகிறேன். கல்லூரியில் எங்களுக்கு நிரல் எழுதக் கற்பித்தார்கள். பிறர் எழுதிய நிரலைப் படிக்க எவரும் கற்பிக்கவில்லை. தேர்வுத் தாளில் வரும் நிரல் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். ஆயிரக்கணக்கான கோப்புகளில் பரவிக் கிடக்கும் நிரலுக்குள் எந்த வாசல் வழியாக நுழைவது என்பதை நான் கற்றது முழுக்க முழுக்க வெளியில்தான்.

வேலைக்குச் சேர்ந்து சில ஆண்டுகள் கழித்து, கோப்புகளுக்குள் சொல் தேடும் கட்டற்ற கருவி ஒன்றை நாள்தோறும் பயன்படுத்திவந்தேன். ஒருநாள் தமிழ்க் கோப்புகளில் தேடியபோது, முடிவுகளில் காட்டப்பட்ட சில வரிகளின் கடைசியில் கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி ஒன்று நின்றது. கருவி ஒவ்வொரு வரியிலும் முதல் 80 பைட்டுகளை வெட்டிக் காட்டிக்கொண்டிருந்தது. பைட் என்பது 0 முதல் 255 வரையிலான ஓர் எண். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட்; அங்கே எந்த இடத்தில் வெட்டினாலும் எழுத்து உடையாது. எழுத்துகளைக் கோப்பில் பைட்டுகளாக எழுதிவைக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட்டுகள் தேவை. ‘க’ என்பது 224, 174, 149 என்று மூன்று எண்களாகக் கோப்பில் கிடக்கும். இரண்டாவது எண்ணோடு வெட்டிவிட்டால் எஞ்சுவது எழுத்தே அல்ல.

யுடிஎஃப்-8 எப்படி அமைந்திருக்கிறது என்று அன்றிரவு படித்தேன். கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992 இல் வடிவமைத்த முறை அது. 0 முதல் 127 வரையிலான பைட் தனி எழுத்து. 128 முதல் 191 வரையிலான பைட், எழுத்தொன்றின் தொடர்ச்சி. அதற்கு மேற்பட்டது ஒரு புதிய எழுத்தின் தொடக்கம். தொடக்க பைட்டின் மதிப்பு தொடர்ச்சியில் ஒருபோதும் வராது. படித்துக்கொண்டிருந்தபோதே கை நின்றுவிட்டது. எல்லைக் குறி செய்திக்குள் தோன்றாது என்று மூன்றாம் ஆண்டில் படித்த அதே எண்ணம்! கோப்பின் எந்த இடத்தில் போய் விழுந்தாலும், அதிகம் போனால் 3 பைட்டுகள் பின்னால் நடந்தால் எழுத்தின் தொடக்கம் கிடைத்துவிடும். என் முதல் திருத்தம் அதைத்தான் செய்தது: வெட்டும் இடத்தில் 128க்கும் 191க்கும் இடைப்பட்ட பைட் இருந்தால் பின்னால் நகர்ந்து வெட்டு. ஆறு வரி நிரல்.

அந்த ஆறு வரி சேர்க்கப்படுவதற்கு மூன்று வாரம் ஆயிற்று. பராமரிப்பாளர் நிரலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இந்தத் தவறு மீண்டும் வராது என்று காட்டும் சோதனை எங்கே என்று கேட்டார்; திருத்தத்தோடு எழுதும் குறிப்பில் என்ன மாற்றினாய் என்பதை நிரலே சொல்கிறது, ஏன் மாற்றினாய் என்று எழுது என்றார். எனக்கு முதலில் வருத்தமாகத்தான் இருந்தது. பிறகு அதே திட்டத்தில் பத்தாண்டுக்கு முந்தைய மாற்றம் ஒன்றின் காரணம் தெரியாமல் இரண்டு நாள் அலைந்தபோது, எவரோ அன்று பொறுமையாக எழுதிவைத்த நாலு வரிக் குறிப்பு என்னைக் காப்பாற்றியது. அன்றிலிருந்து குறிப்பு எழுதுவதற்கு நிரல் எழுதும் நேரத்தில் பாதியையாவது ஒதுக்குகிறேன்.

கேள்விக்குறிகள் மறைந்தன, ஆனால் எழுத்துகள் இன்னும் உடைந்தன. ‘பல்’ என்று இருந்த சொல் வெட்டப்பட்டு ‘பல’ என்று நின்றதைக் கண்டேன். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் ஒருங்குறி (யூனிகோட்) தரத்தில் புள்ளி தனிக் குறி. ‘ல்’ என்பது இரண்டு குறிகள். இரண்டுக்கும் நடுவில் வெட்டினால் யுடிஎஃப்-8 கணக்கில் பிழையே இல்லை, ஆனால் பல் பலவாகிவிடுகிறது. சாய்சதுரம் தோன்றினால் ஏதோ தவறு என்று வாசகருக்குத் தெரியும்; இங்கே தவறு நடந்ததே தெரியாது. எனக்கு இதுவே பெரிய பிழையாகப் பட்டது.

தமிழ் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் பட்டியலிட்டு, அவற்றுக்கு முன்னால் வெட்டாதே என்று எழுதி அனுப்பினேன். பராமரிப்பாளர் ஏற்கவில்லை. ஒரு மொழிக்கு மட்டும் விதிவிலக்கு வைத்தால் நாளை ஒவ்வொரு மொழிக்கும் வைக்க வேண்டும். வாசிப்பவர் ஓர் எழுத்தாகக் காண்பதை எப்படிப் பிரிப்பது என்று யூனிகோட் அமைப்பே விதிகளையும் அவற்றுக்கான சோதனைக் கோப்பையும் வெளியிடுகிறது, அதைச் செயல்படுத்து என்றார். அவர் சொன்னது சரி என்பதை இன்று ஐயமின்றிச் சொல்வேன். அன்று அந்த விதிகளைப் பார்த்து மலைத்தேன். கொரிய எழுத்துகள் மூன்று பகுதிகளாகச் சேரும். குடும்பம் ஒன்றைக் காட்டும் எமோஜி பல உருவங்களை இணைப்புக் குறியால் கோத்தது. நாட்டுக்கொடி ஒவ்வொன்றும் இரண்டு குறிகளின் இணை, ஆகவே நான்கு கொடிக்குறிகள் தொடர்ந்து வந்தால் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில்தான் பிரிக்க வேண்டும்.

இரண்டு வாரம் நிபந்தனைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுதிப் பார்த்தேன். ஒரு சோதனை தேறினால் மற்றொன்று விழுந்தது. கடைசியில் கணினியை மூடிவிட்டுத் தாள் ஒன்றை எடுத்து வட்டங்கள் வரைந்தேன். அடிப்படை எழுத்து வந்த நிலை, அதைத் தொடரும் குறி வந்த நிலை, இணைப்புக் குறி வந்த நிலை என்று வரைந்து அம்புகளை இட்டதும், எட்டு வட்டங்களில் எல்லாம் அடங்கிவிட்டது. கொடிக்குறிகளுக்கு ஒற்றையா இரட்டையா என்ற நினைவு மட்டும் போதும். ஒரே ஒரு ஃபிளிப்ஃபிளாப் செய்யும் வேலை அது, ஒவ்வொரு துடிப்புக்கும் மாறி மாறி நிற்பது. ஆய்வகத்தில் கம்பிகளோடு மல்லாடிய பையன் அன்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது போல இருந்தது. அந்த வரைபடத்தை அட்டவணையாக மாற்றி எழுதினேன். சோதனைக் கோப்பில் இருந்த அத்தனை வரிகளும் தேறின.

இதைச் சொல்லும்போது கணினி அறிவியல் படித்த நண்பர்கள், வட்டங்களும் அம்புகளுமான இந்த நிலைப்பொறிகளை நாங்களும் படித்தோமே என்பார்கள். உண்மைதான். நான் எதிர்பாராத இடத்தில் அது எனக்குக் கிடைத்தது என்பதும், கையால் கட்டிப் பழகியதால் கைவிட்டுப் போகவில்லை என்பதும்தான் நான் சொல்ல வருவது.

மூன்றாவது சிக்கல் எல்லாவற்றிலும் நுட்பமானது. ஒரு கோப்பில் ‘கொடி’ என்ற சொல் என் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது. கருவியில் தேடினால் இல்லை என்கிறது. இரண்டையும் எண்களாக விரித்துப் பார்த்தேன். நான் தட்டியதில் ‘க’வுக்குப் பின் 224, 175, 138 என்று ஒரே குறி. கோப்பில் 224, 175, 134 என்றும் 224, 174, 190 என்றும் இரண்டு குறிகள்: கொம்பு தனியாக, கால் தனியாக. திரையில் இரண்டும் ஒன்றே. கண்ணுக்கு 2 எழுத்துகளான ‘கொடி’ ஒரு வடிவில் 4 குறிகள், 12 பைட்டுகள். மற்றதில் 5 குறிகள், 15 பைட்டுகள். இவை இரண்டும் சமம் என்று ஒருங்குறித் தரமே சொல்கிறது. தமிழில் இப்படிப் பிரித்தும் சேர்த்தும் எழுதத்தக்கவை ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் மூன்றும் ‘ஔ’ என்ற எழுத்தும் ஆக நான்கே. தேடும் சொல்லையும் கோப்பையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்துவிட்டு ஒப்பிட்டால் தீர்ந்தது என்று எண்ணி எழுதினேன்.

தேடல் வேலை செய்தது. ஆனால் கண்டுபிடித்த சொல்லுக்கு வண்ணம் தீட்டும் இடம் தள்ளிப்போயிற்று. வரியில் முன்னால் பிரிந்த வடிவம் எத்தனை முறை வந்ததோ அத்தனை மும்மூன்று பைட்டுகள் இடப்பக்கம் நகர்ந்து வண்ணம் விழுந்தது. 15 ஐ 12 ஆகச் சுருக்கிய நான், சுருக்கிய பிரதியின் இடத்தை மூலத்தின் இடமாகவே நம்பிவிட்டிருந்தேன். சுருக்கிய ஒவ்வொரு பைட்டும் மூலத்தில் எங்கிருந்து வந்தது என்ற குறிப்பைக் கூடவே வைத்துக்கொள்ளும்படி மாற்றினேன். அது சரியாயிற்று, அடுத்த வாரமே வேறொரு பங்களிப்பாளர், பெரிய ஆங்கிலக் கோப்புகளில் கருவி முன்பைவிடக் கணிசமாக மெதுவாகிவிட்டது என்று அளந்து காட்டினார். எங்கிருந்து தொடங்கியது என்பதை, நிரல் மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் என்ற கருவியின் பைசெக்ட் கட்டளை காட்டிக்கொடுத்தது. நல்லது என்று தெரிந்த பழைய நிலைக்கும் கெட்டது என்று தெரிந்த இன்றைய நிலைக்கும் நடுவில் பாதியாகப் பிரித்துக்கொண்டே போகும் கட்டளை அது. ஆயிரம் மாற்றங்கள் இருந்தாலும் பத்துச் சோதனைகளில் குற்றவாளி கிடைத்துவிடும். குற்றவாளி என் மாற்றம்தான். எல்லா பைட்டுகளும் 128க்குக் கீழே இருந்தால் வடிவமாற்றத்தையே தொடாதே என்ற ஒரு முன்சோதனை அதைத் தீர்த்தது.

அளந்து பார்த்துச் சொல்பவர்கள் மீது எனக்கு அன்றிலிருந்து தனி மரியாதை. 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலாளர், தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக உள்நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாகிறது என்பதைக் கவனித்து, விடாமல் தேடி, எக்ஸ்இசட் என்ற சுருக்குக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் எவரோ பின்வாசல் ஒன்றைப் புதைத்திருந்ததை வெளிக்கொண்டுவந்தார். அரை நொடியைப் பொருட்படுத்தாமல் விட்டிருந்தால் எத்தனையோ சேவையகங்கள் திறந்து கிடந்திருக்கும். ஆய்வகக் குறிப்பேட்டில் எதிர்பார்த்த மதிப்பை எழுதாதே, அளவி காட்டிய மதிப்பை எழுது என்று எங்கள் ஆசிரியர் சொல்லிக்கொண்டே இருப்பார். அந்தச் செய்தியைப் படித்த அன்று அவருடைய குரல் காதில் கேட்டது. அந்நிகழ்வின் இன்னொரு பக்கம் என்னை வருத்தியது. உலகமே சார்ந்திருந்த கருவியைப் பல்லாண்டுகளாகப் பெரும்பாலும் ஒரே மனிதர், தம் ஓய்வு நேரத்தில், ஊதியமின்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய களைப்பின் வழியாகத்தான் அந்நியர் உள்ளே வந்தார். அதனாலேயே என் திருத்தத்தைச் சரிபார்ப்பவரின் நேரத்தைக் குறைக்கும் எதையும் செய்யத் தயங்குவதில்லை.

எல்லாவற்றையும் தீர்த்துவிட்டேன் என்று சொல்லவில்லை. ‘கௌ’ என்பதை ஔகாரக் குறியால் எழுதாமல், ‘கெ’ போட்டுப் பக்கத்தில் ‘ள’ என்ற எழுத்தையே வைத்துத் தட்டுபவர்கள் நிறைய. கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும். தரத்தின்படி இரண்டும் சமமல்ல. இதையும் கருவியே சரிசெய்யட்டும் என்று சிலர் கேட்டார்கள். மறுத்தேன். ‘கெளுத்தி’ என்று தேடுபவருக்குக் ‘கௌ’ வேண்டாம். எழுத்துப்பிழை எது, வேறு சொல் எது என்று ஊகிப்பது தேடும் கருவியின் வேலை அல்ல. மறுப்புக்குக் காரணம் எழுத ஒரு மாலை முழுவதும் பிடித்தது.

இப்போது அத்திட்டத்தில் எழுத்துகளைக் கையாளும் பகுதியைக் கவனிப்போரில் நானும் ஒருவன். சென்ற வாரம் மின்னணுவியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருவர் தம் முதல் திருத்தத்தை அனுப்பியிருந்தார். ‘ஸ்ரீ’ என்ற எழுத்தை இரண்டு விதமாகக் குறிக்கலாம். பழைய கோப்புகளில் அது ‘ஸ’ வில் தொடங்கும், 2005 இல் ஒருங்குறியில் ‘ஶ’ சேர்ந்த பிறகு அதில் தொடங்குவதும் உண்டு. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். தேடுபவர் விரும்பினால் இரண்டையும் ஒன்றாகக் கொள்ளலாம் என்று ஒரு விருப்பத் தேர்வைச் சேர்த்திருந்தார். ‘கௌ’ சிக்கலுக்கு நான் எழுதிய மறுப்பைப் படித்துவிட்டு, தானாக இயங்கும்படி வைக்காததன் காரணத்தையும் குறிப்பில் சொல்லியிருந்தார். நிரல் சரியாகவே இருந்தது. சோதனை இல்லை; கேட்டேன். நேற்றிரவு அனுப்பிவிட்டார். அவர் சேர்த்த கோப்பில் இரண்டே வரிகள். திரையில் பார்த்தால் ஒரே சொல்லை இருமுறை எழுதியது போல இருக்கும். எண்களாக விரித்தால் முதல் வரியின் மூன்றாம் பைட் 184, இரண்டாம் வரியில் 182.